எது சின்ன வேலை

ஏப்ரல் 1, திங்கள்

இந்த டைரியை முதலாளி கொடுத்தார். "சென்னியப்பா, இன்னைலருந்து நீ சர்வீஸ் மேனேஜர். எல்லாம் மண்டையில இருக்குதுங்கன்னு சொன்னா ஆகாது. எழுதி வெக்கோணும்" என்றார். அதனால் எழுதுகிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு சேர்ந்தாற்போல இத்தனை வரி எழுதியதாக ஞாபகம் இல்லை.

பழைய மேனேஜர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அவருக்கு லிஃப்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, பேசத்தான் தெரியும். "இந்தத் தடவை வேலை தெரிஞ்ச ஆளை உக்கார வெக்கறேன்" என்றார் முதலாளி நந்தகோபால் சார். அது நியாயம்தான். கோயமுத்தூரில் நாங்கள் போட்ட லிஃப்டுகளில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

இருபத்திரண்டு வருஷமாக ராயப்பண்ணனும் நானும் ஒரே ஜோடி. லிஃப்ட் வேலைக்கு யாரும் தனியாகப் போவதில்லை. ஒருவர் லிஃப்ட் பெட்டியின் கூரை மேல் ஏறி நிற்பார். இன்னொருவர் மொட்டை மாடியில், மெஷின் ரூமில், மெயின் சுவிட்ச் பக்கத்தில். கூரையில் இருப்பவர் "ஆச்சா?" என்று குரல் கொடுத்து, "ஆச்சு" என்று பதில் வந்த பிறகுதான் எதையும் தொடுவார். இனி அண்ணனோடு சுதாகர் என்ற பையன் போவான்.

செய்தியைச் சொன்னதும் அண்ணன் என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தார். "ஏசி ரூமா? நல்லா இரு சாமி. எங்களையும் ரெண்டு நாளைக்கொருக்கா கூப்பிட்டு உக்கார வை" என்றார்.

வீட்டில் சுலோச்சனா ஒப்புட்டு சுட்டிருந்தாள். மகள் தாரணி காலேஜிலிருந்து வந்ததும் என் பெயரையும் பதவியையும் ஆங்கிலத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டி வைத்தாள்.

ஏப்ரல் 2, செவ்வாய்

நாற்காலி சுற்றுகிறது. ஃபோன் நிற்பதில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

முதல் மீட்டிங். எல்லா டெக்னீஷியன்களும் நின்றுகொண்டிருந்தார்கள். பேச வேண்டியதை ராத்திரியே யோசித்து வைத்திருந்தும், அந்த முகங்களைப் பார்த்ததும் மறந்துவிட்டது. பிரேக் லைனிங்கை எப்படிப் பார்ப்பது என்று சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் ஷர்மிளா எழுந்து, "சார், அது அவங்களுக்குத் தெரியுமுங்க. இன்னைக்கு யாரு எங்க போறதுன்னு சொல்லுங்க, கஸ்டமருங்க காத்துட்டிருக்காங்க" என்றாள்.

ஷர்மிளா என்பவள் ஆபீஸில் கம்ப்ளெயிண்ட் ஃபோன் எடுக்கும் பெண். ஏழெட்டு வருஷமாக இருக்கிறாள். ஒரு நட்டு போல்ட் பெயர் தெரியாது. ஃபோனில் கறாராகப் பேசுகிறாள். "இன்னைக்கு ஆள் இல்லீங்க, நாளைக்குப் பத்து மணிக்கு வருவாங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறாள். வாடிக்கையாளரிடம் அப்படிப் பேசலாமா? இன்று அவள் அப்படிச் சொல்லி வைத்த ஒரு அம்மாவுக்கு நான் திரும்பக் கூப்பிட்டு, இன்றே அனுப்புகிறேன் என்றேன். அந்தம்மா ரொம்ப சந்தோஷப்பட்டார்கள்.

யாரை அனுப்புவது என்று பிறகுதான் யோசித்தேன். ராயப்பண்ணனுக்கு ஃபோன் போட்டேன். "சரி, முடிச்சுட்டு அப்படியே போறோம்" என்றார்.

ஏப்ரல் 11, வியாழன்

சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. முகூர்த்த நாள். எங்கள் டெக்னீஷியன் ஜோடிகள் எல்லாமே வெளியே வேலையில். நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன், மண்டப வாசலில் நின்ற ஒரு டிரைவரை மெஷின் ரூமில் நிறுத்தினேன். கதவுப் பூட்டில் ஒரு வயர் விட்டிருந்தது, அவ்வளவுதான். லிஃப்ட் ஓடியதும் பெண் வீட்டார் கைதட்டினார்கள். கையெல்லாம் கிரீஸ். இந்தப் பத்து நாளில் இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன்.

ஆபீஸுக்கு வந்தால் ஒரு அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன்காரர்கள் வந்து காத்திருந்து போய்விட்டார்களாம். வருஷக் காண்ட்ராக்டைப் புதுப்பிக்க வந்தவர்கள். முதலாளி ஒன்றும் திட்டவில்லை. "நீ அங்க போனா இங்க யாரப்பா?" என்று மட்டும் கேட்டார்.

ஏப்ரல் 19, வெள்ளி

ஓட்டுப் போட்டுவிட்டு ராயப்பண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி மரகதக்கா குடல் குழம்பு வைத்திருந்தது. அண்ணன் தன் பேரனைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு முற்றம் முழுக்க நடந்தார். மூத்த மகள் பிள்ளை. வரும் மாதம் திண்டுக்கல்லில் ஞானஸ்நானம்.

"சுதாகர் எப்படி?" என்றேன்.

"நல்ல பையன்தான். கேட்ட ஒடனே பதில் வர மாட்டேங்குது. ஃபோனைப் பாத்துட்டு நிக்கறான். பழக்கிப் போடலாம்." பிறகு என்னைப் பார்த்து, "நீ எப்படி இருக்கற?" என்றார்.

"நல்லாத்தான் இருக்கேன். எல்லாம் பழகிருச்சு."

மே 3, வெள்ளி

இரண்டு பேர் வேலையை விட்டுப் போனார்கள். பழைய மேனேஜர் இழுத்துக்கொண்டார். அதே நாளில் முதலாளி ஒரு பில்டரிடம் புதிதாக நாற்பது லிஃப்டுகளுக்குப் பராமரிப்புக் காண்ட்ராக்ட் பேசி முடித்துவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சமாளிச்சுக்கலாமல்லோ?" என்று கேட்டார்.

ஆள் பத்தாதுங்க என்பது நாக்கின் நுனியில் இருந்தது. அவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனுஷனிடம் எப்படிச் சொல்வது? "பாத்துக்கலாமுங்க சார்" என்றேன்.

ஷர்மிளா கம்ப்ளெயிண்ட் நோட்டிலிருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

மே 14, செவ்வாய்

லீவு கேட்டு நான்கு பேர் வந்தார்கள். ஒருவனுக்குத் தங்கச்சி கல்யாணம், ஒருவனுக்குக் குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகம். எல்லோருக்கும் கொடுத்தேன். நானும் டெக்னீஷியனாக இருந்தவன்தானே. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. பையன்கள் "நம்ம சார்" என்கிறார்கள். காதில் விழுந்தது.

ஐந்தாவதாக ராயப்பண்ணன் வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம்.

"அண்ணா, இந்த ஞாயித்துக்கிழமை ஒருத்தரும் இல்லீங்ளே. நீங்களும் போயிட்டா…"

"பேரனுக்குடா."

"தெரியுதுங்கண்ணா. உங்ககிட்டத்தான் நான் உரிமையாக் கேக்க முடியும்."

அவர் "சரி, மரகதத்த அனுப்பி வெக்கறேன்" என்று போய்விட்டார். அவர் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவர் இல்லை.

மே 19, ஞாயிறு

மழை. வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவினேன். அண்ணன் உக்கடத்தில் ஒரு கம்ப்ளெயிண்ட்டை முடித்துவிட்டு, பீளமேட்டில் இன்னொன்றுக்குப் போனதாக ஷர்மிளா மெசேஜ் அனுப்பியிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே அனுப்பினாள்.

மே 27, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். கம்ப்ளெயிண்ட்டுகள் சேர்ந்துகொண்டே போகின்றன. பில்டர் கோபப்படுகிறார். கத்தவில்லை, அமைதியாகவே பேசினார்.

"ஒரு சந்தேகம், சென்னியப்பா. எல்லாத்துக்கும் எதுக்கு ரெண்டு ரெண்டு ஆளு? மாசாமாசம் துடைச்சு எண்ணெய் போடறதுக்கு ஒருத்தர் பத்தாதா? எனக்குத் தெரியாது, உனக்குத்தான் தெரியும். உன்னையக் கேட்டுத்தான் செய்யறேன்."

என்னைக் கேட்கிறார். இந்த இரண்டு மாதத்தில் எனக்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்றை அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. மற்றதெல்லாம் பட்ஜெட், டார்கெட், ரிப்போர்ட்.

"சின்ன வேலைக்கு ஒருத்தர் போலாமுங்க சார். பெரிய வேலைன்னா ரெண்டு பேர்" என்றேன்.

"அப்பாடா. ஆள் எடுக்காமயே ஆள் கிடைச்ச மாதிரி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எத்தனையோ கம்பெனிகளில் இப்படித்தான் செய்கிறார்கள் என்று கேள்வி.

மே 29, புதன்

பையன்களிடம் சொன்னேன். ராயப்பண்ணன் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"ஒத்தையாளு பெட்டி மேல ஏறுனா, மெஷின் ரூம்ல யாரு?"

"மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்து ஏறோணும். சின்ன வேலைக்கு மட்டுந்தான்."

"எது சின்ன வேலைன்னு யாருங்க சார் சொல்லுவாங்க?"

சார் என்றார். மற்றவர்கள் முன்னால் மரியாதைக்காகச் சொல்லியிருப்பார். "ஏறுறவங்களே பாத்து முடிவு பண்ணிக்கங்க" என்றேன். எல்லோரும் கலைந்து போனார்கள்.

ஜூன் 12, புதன்

கம்ப்ளெயிண்ட் பாதியாகக் குறைந்திருக்கிறது. முதலாளி மாத மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். தாரணி எக்ஸெல் சொல்லிக் கொடுக்கிறாள். இன்று நானே ஒரு பட்டியலைக் கூட்டிக் காட்டினேன். சுலோச்சனா, "ஏனுங்க, இப்பத்தான் முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்குது" என்றாள்.

பிடிபட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

ஜூன் 20, வியாழன்

ஆபீஸில் சொல்லாமல் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பழைய லிஃப்டைப் பார்க்கப் போனேன். நானே முன்பு போட்டது. துடைத்து எண்ணெய் விடுகிற வேலைதான். தனியாகத்தான் போனேன். மெயினை ஆஃப் செய்துவிட்டு, படியிறங்கி வந்து, சாவி போட்டுக் கதவைத் திறந்து பெட்டி மேல் ஏறினேன். ஏறியதும் வழக்கம் போல "ஆச்சா?" என்று குரல் கொடுத்துவிட்டேன்.

அந்தச் சுரங்கம் மாதிரி இருட்டுக்குள் என் குரல் மேலே போய்த் திரும்பி வந்தது. வேலையை முடித்து இறங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. உள்ளங்கை மட்டும் வேர்த்திருந்தது. ஆனால் அங்கே புழுக்கம்.

ஜூலை 9, செவ்வாய்

சுதாகர் வந்தான். பழையபடி ஜோடியாகவே போகலாம் என்று எல்லோரும் கேட்பதாகச் சொன்னான். "பயமா இருக்குதுங்க சார். நீங்க முதலாளிகிட்டப் பேசுங்க."

பேசுகிறேன் என்றேன். முதலாளி அறை வரை போனேன். அவர் திருப்பூரில் கிளை திறக்கிற விஷயமாக யாரிடமோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தார். கதவருகே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே சுதாகர் நின்றிருந்தான். "சொல்லியிருக்கேன், பாக்கலாம்னாரு" என்றேன். சொல்லத்தான் போகிறேன். ஒரு நாள் முன்னே பின்னே.

ஜூலை 15, திங்கள்

சுலோச்சனாவுக்குக் காய்ச்சல். ரசம் வைத்தேன். உப்பு அதிகம். முதலாளி திருப்பூர் போயிருக்கிறார். வந்ததும் பேச வேண்டும்.

ஜூலை 19, வெள்ளி

முதலாளி வந்துவிட்டார். நல்ல மனநிலையில் இருந்தார். திங்கட்கிழமை பேசலாம்.

ஜூலை 24, புதன்

ராயப்பண்ணனுக்கு அடிபட்டுவிட்டது.

ஜூலை 25, வியாழன்

நடந்ததை எழுதுகிறேன்.

வடவள்ளியில் ஐந்து மாடி அப்பார்ட்மெண்ட். மாதாந்திர சர்வீஸ். அண்ணன் தனியாகப் போனார். மெயினை ஆஃப் செய்துவிட்டு மூன்றாம் மாடிக்கு இறங்கி வந்து கதவைத் திறந்திருக்கிறார். பெட்டி மேல் ஏறியதும் முதலில் அங்கேயுள்ள ஸ்டாப் சுவிட்சை அழுத்த வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்து, கை சுவிட்சுக்குப் போவதற்குள், மேல்மாடியில் குடியிருக்கும் ஒரு பெரியவர், லிஃப்ட் ஓடவில்லையே என்று மெஷின் ரூமுக்குப் போய் மெயினைப் போட்டுவிட்டார். கீழே யாரோ பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். கதவு திறந்திருந்தால் பெட்டி ஓடக் கூடாது, ஆனால் தேய்ந்துபோன பூட்டு தடுக்கவில்லை, பெட்டி நகர்ந்துவிட்டது. வலது கால் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே.

மெஷின் ரூமில் ஒரு ஆள் நின்றிருந்தால் அந்தப் பெரியவர் திரும்பிப் போயிருப்பார்.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மரகதக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது. நான் போய் நின்றேன். நிமிர்ந்து பார்த்து, "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டது. நான் அங்கிருந்து நகர்ந்து மாடிப்படிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஜூலை 28, ஞாயிறு

அண்ணனைப் பார்க்க விட்டார்கள். முகம் சுருங்கிப் போயிருந்தது. நான் எதுவும் பேசுவதற்கு முன்னால் அவரே சொன்னார்:

"அந்தப் பெரியவர யாரும் திட்டிரப்படாது. எண்பது வயசு. மாத்திரை வாங்கக் கீழ போகோணும்னு போட்டாராமா. அழுதுட்டு நின்னாரு."

"அண்ணா…"

"கொஞ்சம் தண்ணி குடு."

கொடுத்தேன். குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

முதலாளி கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். மருத்துவச் செலவு எல்லாம் கம்பெனிதான். அவரும் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

"ஏன் ஒத்தையில அனுப்புன?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். மறக்கவில்லை.

"நாந்தான் கேட்டேன், இல்லைங்கல. ஆனா கேட்டேன், உத்தரவு போடலை. உன்னைய எதுக்கு அந்த நாற்காலியில உக்கார வெச்சேன்? எனக்கு லிஃப்ட் தெரியாது, உனக்குத் தெரியும்னுதான. ஆகாதுங்க சார்னு நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் மீறியிருப்பனா சென்னியப்பா?"

மீறியிருக்க மாட்டார். அதுதான் உண்மை. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சற்று லேசாக இருந்திருக்கும்.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்று சொன்னார். அரசாங்கத்திலிருந்து விசாரணைக்கு அதிகாரி வருகிறார். "பெரிய வேலைக்கு ரெண்டு பேருன்னு சொல்லியிருக்கறம். அன்னைக்கு அது பெரிய வேலைன்னு ஆச்சுன்னா, ராயப்பன் தானா ஏறுனதுதான். இழப்பீட்டுக்கு நான் இருக்கறேன், அதுக்குக் கொறை வெக்க மாட்டேன். கம்பெனி பேரு மட்டும் தப்பிச்சுக்கும். நீயும்தான். நல்லா யோசிச்சுச் சொல்லு."

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. சுலோச்சனா கோயிலுக்குக் கூப்பிட்டாள். போகவில்லை.

யோசித்தேன். யோசித்தேன் என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். தாரணிக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. அண்ணனுக்கு எப்படியும் கால் திரும்பப் போவதில்லை. இப்படியெல்லாம் யோசித்தேன்.

மதியம் தாரணி என் எதிரில் வந்து உட்கார்ந்து, "அப்பா, பெரியப்பா பண்ணின தப்பா அது?" என்று கேட்டாள். ராயப்பண்ணனை அவள் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். "இல்ல கண்ணு" என்றேன். அவள் எழுந்து போனாள்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

அதிகாரி வந்தார். நடுத்தர வயது, மெல்லிய குரல். முதலாளியும் அறையில் இருந்தார்.

"அன்று நடந்தது எந்த வகை வேலை?" என்று கேட்டார்.

"சின்ன வேலைதானுங்க. தனியாப் போகச் சொன்னது நானுங்க. மெஷின் ரூம்ல யாருன்னு அவர் அப்பவே கேட்டாரு. பசங்களும் கேட்டாங்க. முதலாளிகிட்டப் பேசறேன்னு சொல்லிட்டு நான் பேசலீங்க."

முதலாளி என் பக்கம் திரும்பினார். பசங்க கேட்டது அவருக்கு அந்த நிமிஷம்தான் தெரியும். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டே, "நீங்க எத்தனை வருஷம் இந்த வேலைல இருக்கீங்க?" என்றார்.

"இருபத்திரண்டு வருஷமுங்க."

"உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க."

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

மேனேஜர் வேலையிலிருந்து என்னை எடுக்கச் சொல்லி நானே கேட்டேன். கம்பெனியை விட்டே போகிறேன் என்றுதான் போனேன். முதலாளி, "நல்ல டெக்னீஷியன நான் இழந்துட்டு, ஒரு மேனேஜர வாங்கிட்டு வரலாம்னு பாத்தேன். ரெண்டும் இல்லாமப் போச்சு. போ, டூல்ஸ் எடுத்துக்க. மத்தத விசாரணை முடிஞ்சு பாக்கலாம்" என்றார்.

சுலோச்சனாவிடம் சொன்னேன். "சோறு எடுத்து வெக்கட்டுங்களா?" என்றாள். ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காகிதம் சாயங்காலம் அங்கே இல்லை. யார் கிழித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஷர்மிளா சர்வீஸ் மேனேஜர் ஆகிப் பத்து நாள் ஆகிறது.

முதல் நாளே முதலாளி அறைக்குப் போனாள். நாங்கள் வெளியே நின்றோம். கதவு திறந்துதான் இருந்தது. "சார், எனக்கு லிஃப்ட் தெரியாதுங்க. ஆனா ரெண்டு பேரில்லாம ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். இருக்கற ஆளுக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவுதான் எடுக்கோணும். பில்டர்கிட்ட நானே பேசிக்கறேன்" என்றாள். முதலாளி, "சரிம்மா" என்றார்.

அவ்வளவுதான். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

நான் அந்தக் கதவு வரை போய், சொல்லாமலேயே திரும்பி வந்தவன்.

பில்டரும் போய்விடவில்லை. நாற்பதில் பாதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டு, மீதியை எங்களிடமே வைத்துக்கொண்டார். லீவு கேட்ட இருவரில் ஒருவனுக்கு இல்லை என்றாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே வேலைக்குப் போனான். யாரும் அவளை "நம்ம மேடம்" என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 11, புதன்

சுதாகரோடு போகச் சொல்லியிருக்கிறாள். வண்டியை அவன்தான் ஓட்டினான். காளப்பட்டியில் இறங்கியதும், "நீங்க முதலாளிகிட்டச் சொன்னதாச் சொன்னீங்க சார். நான் நம்பி ராயப்பண்ணன்கிட்டயும் சொன்னேன். இன்னும் கொஞ்ச நாள்தாண்ணா, மாறிரும்னு" என்றான்.

"தெரியும் தம்பி."

"அதையத்தான் என்னால தாங்க முடியல."

அதற்குப் பிறகு இருவரும் வேலை பார்த்தோம். அவன் நல்ல வேலைக்காரன். ஃபோனைத் தொடவே இல்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு நான் போய்ப் பார்க்கவில்லை. இன்று போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். மரகதக்கா வாங்கிக்கொண்டு உள்ளே போனது.

அண்ணன் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு ஊன்றுகோல்கள். செயற்கைக் கால் அளவெடுத்திருக்கிறார்களாம், தீபாவளிக்குள் வருமாம். பேரன் ஊன்றுகோல் ஒன்றைத் தரையில் இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அண்ணா, அன்னைக்கு மீட்டிங்ல நீங்க கேட்டீங்க பாருங்க…"

"இரு" என்றார். "நான் ஒண்ணு சொல்லோணும். மொதல்ல முதலாளி என்னையத்தான் கூப்பிட்டாரு. மார்ச் மாசம். மேனேஜர் வேலை பாக்கறயா ராயப்பான்னாரு. எனக்கு அது ஆகாதுங்க, நாலு பேர வேலை வாங்க எனக்கு வராதுங்கன்னு சொல்லிட்டேன். அப்ப யாரப் போடலாம்னு கேட்டாரு. நாந்தான் உன்ற பேரச் சொன்னேன்."

நான் குனிந்து, பேரன் இழுத்து வந்த ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்து வைத்தேன்.

"உன்ற மாதிரி வேலைக்காரன் இல்லைன்னு சொன்னேன். நெசந்தான அது? நல்லா வேலை செய்யறவன் நல்லா வேலை வாங்குவான்னு நெனச்சேன். எனக்கு வராதுன்னு எனக்குத் தெரிஞ்சுது. உனக்கு வருமான்னு நான் ரோசிக்கவே இல்ல. இருபத்திரண்டு வருசம் உன்ற கூட நின்னவன். எவன் எதைக் கேட்டாலும் சரிங்கன்னு சொல்றவன் நீ. எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னேன்."

"நீங்க சொன்னது எப்படிண்ணா தப்பாகும்…"

"உன்ற மேல தப்பில்லைன்னு நான் சொல்ல வரல." அவர் குரல் கொஞ்சம் உயர்ந்தது. பேரன் நிமிர்ந்து பார்த்தான். "இருக்குது. நெம்ப இருக்குது. நானும் முடியாதுன்னு வேலைய விட்டு நின்னிருக்கோணும். நம்ம சென்னி சொல்றானேன்னு ஏறுனேன். படுத்துட்டு இதையேதான் நெனச்சுட்டுக் கெடக்கறேன். ஒரு நாளைக்கு உன்ற மேல கோவம் வருது. ஒரு நாளைக்கு என்ற மேல வருது. இன்னைக்கு எதுவும் வரல. அதனால உக்காரு."

உட்கார்ந்தேன்.

காபி வந்தது. காளப்பட்டியில் புதிதாகக் கட்டிய கட்டிடத்தைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். அங்கே எந்த மாதிரி கதவு போட்டிருக்கிறார்கள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். ஷர்மிளா எப்படி நடத்துகிறாள் என்று கேட்டார். நல்லா நடத்துகிறாள் என்றேன். "சந்தோசம்" என்றார். அப்போது அவர் கண் ஜன்னலுக்கு வெளியே போயிருந்தது.

கிளம்பும்போது, "வர்றேங்கண்ணா" என்று எழுந்தேன். அவரும் ஊன்றுகோல்களை எடுத்துக் கட்டிலை விட்டு எழுந்தார். யார் வந்தாலும் கேட் வரை வந்து வழியனுப்புவது அவர் வழக்கம்.

வேண்டாம், உட்காருங்கண்ணா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

முற்றத்தில் அவர் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். நடுவில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை, பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்ளவும் இல்லை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவர் வந்து சேரும் வரை நின்றேன்.